நாற்பது பெட்டியும் எண்ணிக்கைக்குச் சரி

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் பனையோலையில் பெட்டி இழைக்கும் ஒரு பன்னவேலை நிலையத்தில் வேலை செய்கிறேன். வயது 26. ஒரு துப்பறியும் குறுநாவல் எழுதி வருகிறேன், சிரிப்புக் கதை. எங்களுடையதைப் போன்ற ஒரு நிலையத்தில் 14 பெண்கள். கொழும்புக் கண்காட்சிக்கு 40 பெட்டி இழைத்து வைத்துவிட்டு எல்லோரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறார்கள். திரும்பி வந்தால், பெரியாச்சி இழைத்த பெட்டி, கண்காட்சியில் முன்னுக்கு வைக்க இருந்தது, காணாமல் போயிருக்கிறது. நிலையத்தில் தேத்தண்ணி போட்டு, பெட்டிகளுக்குப் பெயர்த் துண்டு கட்டும் மணியக்கா துப்பறியத் தொடங்குகிறாள். கடைசியில் பொலிஸ் அதிகாரி வந்து ஒரு வியாபாரியைப் பிடிக்கிறார்.

வீட்டில் வாசித்துக் காட்டினால் தங்கைமார் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் யார் எடுத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் என் கவலை. சிரிப்பும் மர்மமும் ஒன்றாக நிற்காதோ? மணியக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள், அவள் கண்டுபிடித்தால் ஆர் நம்புவார்கள்? பேச்சை எங்கள் ஊர்த் தமிழில் எழுதலாமா? இன்னொன்று. வன்னியை வைத்துச் சிரிப்புக் கதை எழுதுவது சரியா என்று ஒரு அண்ணா கேட்டார். அதற்குப் பிறகு 10 நாளாக ஒரு வரியும் ஓடவில்லை.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் அனுப்பிய ஏழு அத்தியாயங்களையும் இரண்டு தரம் வாசித்தேன். பதிப்பாசிரியராக நான் பார்த்த பிரதிகளில், பன்னவேலையை உள்ளே இருந்து அறிந்தவர் எழுதிய கதை என் மேசைக்கு வருவது மிகக் குறைவு. என் அம்மாவும் ஓலை இழைத்துத்தான் எங்களைப் படிப்பித்தார். அதனால் உங்கள் கதையில் சத்தகம் என்ற சொல்லைக் கண்டவுடனே எனக்கு அந்தச் சின்னக் கத்தியும் அம்மாவின் பெருவிரல் தழும்பும் நினைவுக்கு வந்துவிட்டன. இந்தக் கதை முடிய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், உங்கள் கையைக் கட்டி வைத்திருப்பது அதுதானே.

வன்னியை வைத்துச் சிரிக்கலாம். முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள், பதுங்குகுழிக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள். இதை அங்கே இருந்த எவரும் மறுக்கமாட்டார். அந்த அண்ணா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு 'காணாமல் போன பெட்டி' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அதற்குள்ளே மணியக்கா பெட்டியின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் 'இதைக் கண்டனீங்களோ' என்று கேட்கிறாள். நீங்கள் அதைச் சிரிப்புக்காக எழுதினீர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கி கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் இருந்தார்களே, அவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்தை வாசித்தால் என்ன நினைப்பார்? எங்கள் ஊரில் அந்தச் சொல்லும் அந்தப் படமும் வேறு ஒன்றுக்குச் சொந்தமாகிவிட்டன. அந்தத் தலைப்பையும் அந்தக் காட்சியையும் எடுத்துவிடுங்கள். மீதி 90 பக்கத்தில் யாரையும் நோகடிக்கும் சிரிப்பு ஒன்றுகூட இல்லை. தாராளமாக எழுதுங்கள்.

அந்தச் சொல்லை எடுத்தால் கதையே விழுந்துவிடாதா என்று கேட்பீர்கள். விழாது. பெட்டி தொலையவே வேண்டாம். மணியக்கா காலையில் எண்ணுகிறாள், 40 பெட்டியும் இருக்கிறது. எண்ணிக்கை சரி, இருப்புப் புத்தகம் சரி, பூட்டு பூட்டியபடி இருக்கிறது. ஆனால் பெரியாச்சியின் பெட்டிக்குத் துண்டு கட்டும்போது அவள் விரல் ஒரு இடத்தில் நிற்கிறது. இது ஆச்சியின் கை இல்லை. ஒருத்தரும் ஒன்றையும் இழக்கவில்லை, ஆனால் ஏதோ நடந்திருக்கிறது. அதை மணியக்கா சொன்னால் மற்றப் பதின்மூன்று பேரும் சிரிப்பார்கள். 'நாப்பதும் இருக்குத்தானே, பிறகு என்ன களவு?' என்று தலைவி கேட்பாள். பொலிசுக்குப் போனால் என்ன முறைப்பாடு கொடுப்பது? இப்போது பாருங்கள், உங்கள் தங்கைமாருக்குச் சிரிப்பும் வரும், 'அப்ப ஆர் மாத்தினது?' என்ற கேள்வியும் வரும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

சிரிப்பும் மர்மமும் ஒன்றாக நிற்காது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சின்ன வயதில் கேட்ட மரியாதை ராமன் கதைகளை நினைத்துப் பாருங்கள். நாலு பஞ்சு வியாபாரிகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பூனை, ஆளுக்கு ஒரு கால். ஒருவனின் பங்குக் காலில் புண், அவன் எண்ணெய்த் துணி சுற்றிவிட்டான். அந்தத் துணியில் நெருப்புப் பிடித்து, பூனை ஓடி, பஞ்சு முழுக்க எரிந்து போயிற்று. மற்ற மூவரும் அவனிடம் நட்டம் கேட்கிறார்கள். புண்பட்ட காலால் பூனை ஓடியிருக்காது, நல்ல கால் மூன்றும்தான் அதைச் சுமந்து போயின, ஆகவே நீங்கள் மூவரும் அவனுக்குக் கொடுங்கள் என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கேட்டு ஏன் சிரிக்கிறோம்? ராமன் பகிடி விடவில்லை. எதிராளி சொன்ன கணக்கையே ஒரு அடி கூடக் கொண்டுபோகிறான், அவ்வளவுதான். மணியக்காவும் அப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் அவளை இடறி விழ வைக்கிறீர்கள், தேத்தண்ணியைத் தலைவியின் சேலையில் ஊற்ற வைக்கிறீர்கள். அது இரண்டு தரத்துக்கு மேல் ஓடாது. அவள் பிழையாகச் சந்தேகிக்கும்போதும் அவள் காரணம் ஒழுங்காக இருக்கட்டும்.

நான்காம் அத்தியாயத்தில் அதை நீங்களே செய்திருக்கிறீர்கள். சிவப்புச் சாயம் விரலில் இருப்பவள்தான் கள்ளி என்று மணியக்கா முடிவெடுக்கிறாள். ஓலையை நிறச்சாயத்தில் அவித்து எடுக்கும் கிழமையில் அந்த இடத்தில் யாருடைய விரலில்தான் சாயம் இல்லை? அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் தன் கையையே பார்த்துவிட்டு மெதுவாக மடிக்குள் வைக்கிறாள். அந்த ஒரு பக்கத்துக்காகவே உங்கள் கதை அச்சேற வேண்டும்.

சரி, மணியக்காவை ஆர் நம்புவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். கதைக்கு வெளியே இருந்து ஒரு கெட்டிக்காரத்தனத்தை அவளுக்குக் கொடுக்க முயன்றால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் மாவைத் தூவி விரலடையாளம் எடுக்கிறாளே, அதை வெட்டுங்கள். அவளுக்குத் தெரிந்தது ஓலை. அதை அவளைவிட நன்றாகத் தெரிந்த பொலிஸ் அதிகாரி நாட்டில் எங்கும் இல்லை. தடயம் எல்லாம் ஓலையிலிருந்தே வரட்டும்.

உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் வாசகருக்காகச் சொல்கிறேன். ஓலையைக் கீற்றாக வாரும் அகலம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தி ஒடுக்கமாக வார்வாள், இன்னொருத்தி அகலமாக வார்ந்து வேலையைக் கெதியாக முடிப்பாள். இழையை இறுக்கும் பலமும் அப்படித்தான். விளிம்பில் நார் சுற்றிக் கட்டும்போது வலக்கைக்காரிக்கு நார் ஒரு பக்கம் சாயும், இடக்கைக்காரிக்கு மறுபக்கம் சாயும். பெட்டியை எண்ணுகிறவர்களுக்கு இது தெரியாது. தடவிப் பார்க்கிறவளுக்குத் தெரியும். துண்டு கட்டுவது மணியக்காவின் வேலை என்று நீங்கள் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று பாருங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த தடயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கதை வைகாசியில் நடக்கிறது. வற்றாப்பளைப் பொங்கல் காலம், சோளகக் காற்று, எரிக்கிற வெயில். அந்தக் காற்றில் ஓலை வறண்டு, மடித்தால் வெடிக்கும். நனைத்துப் பதமாக்காமல் ஒருத்தியாலும் ஒரு மூலை திருப்ப முடியாது. வார்ந்த ஓலையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துத்தான் இழைப்பார்கள். பொங்கலுக்குப் போனபடியால் இரண்டு நாளாக நிலையத்தில் வேலை இல்லை. ஆகவே அந்தக் காலையில் பின்னறையில் எதுவுமே ஈரமாக இருக்கக் கூடாது. மணியக்கா தேத்தண்ணி அடுப்புக்குச் சிரட்டை எடுக்கப் போகிறாள், மூலையில் கிடக்கும் சாக்கில் கால் படுகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது. அவள் காலைத் துடைத்துவிட்டுப் போய்விடட்டும், நீங்களும் அதற்கு மேல் ஒன்றும் எழுதாதீர்கள். நாற்பது பக்கம் கழித்து அவளுக்கு விளங்கும், பொங்கல் இரவு இங்கே ஒருத்தி இருந்து இழைத்திருக்கிறாள் என்று.

பொங்கலைத் தெரிந்தெடுத்தது அருமையான யோசனை. கடல்நீரில் விளக்கெரியும் அந்த இரவில் வன்னி முழுக்க அங்கேதான் நிற்கும். 14 பேரைக் கேட்டாலும் 'அம்மாளாச்சி கோயிலடியில நிண்டனான்' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சனத்துக்குள் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இதிலேயே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. நீங்கள் மூன்று வரியில் கடந்துவிட்டீர்கள். நின்று எழுதுங்கள். யார் எந்தப் பக்கம் நின்றாள், யாருடைய செருப்பு மாறியது, யார் யாருடன் கச்சான் கடலை வாங்கித் தின்றாள் என்று மணியக்கா ஒரு பழைய கொப்பியில் கோடு போட்டு எழுதட்டும்.

கச்சான் என்றதும் ஒரு பிழை நினைவுக்கு வருகிறது. ஆறாம் அத்தியாயத்தில் கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்குப் போகும் பஸ்ஸை முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். பரந்தன் கிளிநொச்சிக்கு வடக்கே, முறிகண்டி தெற்கே. ஏ9 வீதியில் ஒரு தரம் போனவரும் இதைப் பிடித்துவிடுவார். அந்த வியாபாரி கொழும்புப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினான் என்று மாற்றுங்கள், எல்லாம் நேராகிவிடும், கதைக்கும் இலாபம். அவன் ஒரு பஸ்ஸில், மணியக்கா அடுத்த பஸ்ஸில். எப்படிப் பிடிப்பாள்? எந்த அவசரத்திலும் முறிகண்டியில் வண்டி நிற்கும், ஆட்கள் இறங்கித் தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். பிள்ளையாரே அவளுக்காக ஒரு பஸ்ஸை நிறுத்தி வைத்துக் கொடுக்கிறார். அவள் ஓடிப்போய் வியாபாரியின் பையைத் திறக்க, உள்ளே மூன்று சரை கச்சான். வாசகர் சிரிப்பார், வியாபாரி மேலிருந்த சந்தேகமும் அங்கேயே தீரும்.

ஏனென்றால் அவன் குற்றவாளியாக இருக்க முடியாது. அவன் வருவது ஆறாம் அத்தியாயத்தில். 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதி வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பது அதில் முதல் விதி. விதியை விடுங்கள், உங்கள் தங்கைமார் ஏன் கேள்வி கேட்கவில்லை என்று யோசியுங்கள். கதைக்குள் இருக்கும் 14 பேரில் ஒருத்தரும் செய்திருக்கமாட்டார்கள் என்று அவர்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் எல்லோரிலும் அவ்வளவு அன்பு வைத்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் வெளியாளைக் கொண்டுவந்து தப்பப் பார்த்தீர்கள்.

ஆனால் குற்றவாளியை நீங்கள் எழுதி வைத்துவிட்டீர்கள், கவனிக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி: 'செயலாளர் அக்கா வீட்டுக்குப் போகும்போது பெரியாச்சியின் ஓலைக்கட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள்.' அவளுடைய நல்ல மனதைக் காட்ட எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு நின்றேன். ஆச்சியின் ஓலை அவளுக்கு எதற்கு? அதே அத்தியாயத்தில் ஆச்சி ஊசியில் நூல் கோர்க்க மணியக்காவைக் கூப்பிடுகிறாள். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் அங்கே காசு. பெட்டி பிழைத்தால் காசு இல்லை, காசோடு பெயரும் போய்விடும். செயலாளர் பல மாதமாக இரவில் ஆச்சிக்காக இழைத்து மாற்றி வைக்கிறாள். கண்காட்சிப் பெட்டியைப் பொங்கல் இரவில் ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு முடித்தாள். அவள் இடக்கைக்காரி என்பதை முதல் அத்தியாயத்திலேயே ஒரு வேலையில் காட்டிவிடுங்கள், தேங்காய் துருவும்போது போதும். சொல்லிக் காட்ட வேண்டாம்.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. கதை உங்களுடையது. ஆனால் அந்த வரியை எழுதிய கை உங்களுடையது என்பதால் சொல்கிறேன்.

ஊர்ப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். உரையாடலை முழுக்க வன்னிப் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள், கதை சொல்லும் இடத்தில் இப்போது எழுதுவதுபோல எழுத்துத் தமிழே இருக்கட்டும். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் ஒரு தடயம் இருக்கிறது, வேறு எந்த ஊர்க் கதையிலும் அதை வைக்க முடியாது. 'அ இ உம் முதல் தனிவரின் சுட்டே' என்று நன்னூல் சொல்கிறது. அ என்றால் தூரத்தில், இ என்றால் பக்கத்தில். அந்த உகரச் சுட்டைத் தமிழ்நாட்டுப் பேச்சில் விட்டுவிட்டார்கள், நாங்கள் இன்றைக்கும் அன்றாடம் பேசுகிறோம். உது, உவன், உங்கை. கேட்கிற ஆளுக்குக் கிட்ட இருப்பதைத்தான் 'உங்கை' என்போம்.

இப்போது பாருங்கள். மணியக்கா வியாபாரிக்குப் பின்னால் பஸ்ஸில் போயிருக்கிறாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவள் முறிகண்டியில் விசயம் முடிந்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் திரும்பி வந்து பின்னறையில் நிற்கிறாள். அங்கிருந்து செயலாளருக்குப் போன் எடுத்து, தான் எங்கே நிற்கிறாள் என்று சொல்லாமல் கேட்கிறாள்:

'பின்னறையில பெட்டி ஏதும் விடுபட்டுப் போச்சோ பிள்ளை?'

'உங்கை ஒண்டும் இல்லையக்கா. ஏன் சும்மா மினக்கெடுறியள்?'

மணியக்கா பஸ்ஸில் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் செயலாளரின் வாயில் 'அங்கை' என்றுதான் வந்திருக்கும். 'உங்கை' என்று வந்ததென்றால், பின்னறையில் லைட் எரிவதை அவள் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நெஞ்சு பதைத்தபடி. இந்த உரையாடலைச் சாதாரணமாகப் போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருக்கிற வாசகர் சிலர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்கள். பிடிக்கட்டும், அவர்களுக்கு அது பெரிய சந்தோசம். தமிழ்நாட்டு வாசகருக்கு மணியக்கா பிறகு விளக்கும்போது புரியும்.

முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமான துப்பறியும் கதையில் எல்லோரையும் ஒரு அறைக்குள் கூட்டி, இவர்தான் என்று விரல் நீட்டுவார்கள், பிடிபட்டவர் வெளியே போவார். உங்கள் நிலையத்தில் யாரும் வெளியே போக முடியாது. அடுத்த நாள் காலையில் அதே 14 பேரும் அதே தரையில் பாய் விரித்து இருந்து இழைக்க வேண்டும். மணியக்கா உண்மையைக் கண்டுபிடித்த பிறகுதான் அவளுக்கு உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. சொன்னால் ஆச்சியின் பெயர் போகும், செயலாளரின் பதவி போகும். சொல்லாவிட்டால் ஒரு பெட்டி பொய்ப் பெயரோடு கொழும்புக்குப் போகும், அதற்குத் துண்டு கட்டுகிறவள் அவள். பொலிஸ் அதிகாரியை வைத்து நீங்கள் தப்பியது இந்தக் கஷ்டத்திலிருந்துதான். அவரை எடுத்துவிடுங்கள். சின்னச் சின்ன ஊர்ப் பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988இல் சட்டம் போட்டு வந்தது, தலைவி அதற்குப் போவோம் என்று மிரட்டலாம். ஆனால் அங்கேயும் எதைப் பிணக்கு என்று எழுதுவது என்று யாருக்கும் தெரியாமல் நிற்கட்டும்.

அந்த இடத்தில் பெரியாச்சியைப் பேச விடுங்கள். கண் மங்கியவளுக்கு விரல் மங்கவில்லை. தன் பெயரில் போகிற பெட்டிகள் தன் கையால் இழைத்தவை இல்லை என்று முதல் பெட்டியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருக்கும். அப்படி ஒரு ஆச்சியோடு தினமும் வேலை செய்கிறீர்கள்.

நீளம், அச்சு, போட்டிக்கு அனுப்புவது எல்லாம் பிறகு பார்ப்போம். 100 பக்கத்துக்குள் நின்றால் நல்லது.

மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் முதலில் திருத்தி அனுப்புங்கள். சாக்கை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா